குறை யாருடையது? சி. வி. சுப்பிரமணியனும் ‘நிறைவற்ற பூஞ்சைகளும்’

மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்குக் கிடங்குகளில் பூசணம் பிடித்தால் வணிகருக்கு அது இழப்பு. அந்தப் பூசணம் எவ்வினத்தைச் சேர்ந்தது என்று அங்கு எவரும் கேட்பதில்லை. காயலின் மறுகரையான எர்ணாகுளத்தில் 1924-இல் பிறந்த சி. வி. சுப்பிரமணியன், அத்தகைய கேள்விக்கே தம் வாழ்நாளை அளித்தார்.

அவர் அங்குச் சென்று சேர்ந்த வழி பயிர்நோய். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவனின் மாணவராக அவர் முதலில் ஆராய்ந்தது, மண்வாழ் ஃபுசேரியம் பூஞ்சையால் வரும் பருத்தி வாடல் நோயை. உழவருக்குத் தீங்கு செய்ததால் அப்பூஞ்சை அறியப்பட்டிருந்தது. உதிர்ந்த இலையிலும் மட்கிய சுள்ளியிலும் வாழ்ந்த எண்ணற்ற பூஞ்சைகளுக்கோ பெயரே இல்லை. 1950களில் அவர் அவற்றின்பால் திரும்பினார்.

பாலினப்பெருக்க நிலை கண்டறியப்படாத பூஞ்சைகளை மேனாட்டார் ‘நிறைவற்றவை’ என்றனர். குறை ஆய்வாளரின் அறிவில் இருந்தது. பழியோ பூஞ்சையின் பெயரில் ஏறியது. இத்தாலிய அறிஞர் சக்கார்தோவின் முறை, வித்தின் நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு அவற்றைப் பிரித்தது. ஒலி ஒத்திருப்பதால் மட்டுமே இரு சொற்களுக்கு ஒரே வேர் கற்பிப்பது போன்றது அது. கனடாவில் பணியாற்றிய ஸ்டான்லி ஹியூஸ் 1953-இல், வித்து தோன்றும் முறையே அடிப்படையாதல் வேண்டும் என்றார். அவ்வழியில் சுப்பிரமணியன் 1962-இல் இப்பூஞ்சைகளைக் குடும்பங்களாக வகுத்தார். 1965-இல் பட்நாகர் விருது பெற்றார். இந்திய இனங்களைத் தொகுத்த அவரது பெருநூல் 1971-இல் வெளிவந்தது.

இலத்தீன் வடிவப் பெயர்களின் நடுவே அவர் வடசொற்களைத் துணிந்து புகுத்தினார். குடிலகேச என்பது சுருள்முடி. அர்த்தசந்திர என்பது பிறைவடிவம். வக்ரபீஜ என்பது வளைந்த வித்து. ஆசிரியர் பெயரால் சதாசிவானியா என்றும் ஒரு பேரினம் அமைத்தார்.

இவற்றுள் வக்ரபீஜவின் கதை கருதத்தக்கது. நெல்லின் தண்டழுகல் நோய்ப் பூஞ்சை, வித்து நிலையில் ஒரு பெயரும், கரிய கடினமணி நிலையில் இன்னொன்றும், பாலின நிலையில் வேறொன்றும் பெற்றிருந்தது. வித்து நிலைக்கு அவர் வக்ரபீஜ என்றார். ஜப்பானில் ஹாரா முன்னரே இட்டிருந்த நகடேயா என்ற பெயருக்கு முதன்மை கிடைத்ததால் அது வழக்கிழந்தது. பல பெயர் வழக்கத்தையே 2011-இல் மெல்போர்ன் தாவரவியல் பேராயம் கைவிட்டது. இன்று அப்பூஞ்சை நகடேயா ஒரைசே ஒன்றே.

‘நிறைவற்றவை’ என்ற வகுப்பும் முறையான வகைப்பாட்டிலிருந்து நீங்கிவிட்டது. பாலின நிலை அறியப்படாததும் முழுமையான உயிரே என்பது இன்று மரபணு வரிசை வழியே ஏற்கப்படுகிறது. அவ்வரிசை எவ்வுயிருக்குரியது என்று சொல்வதற்கு, வித்தை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய அந்தப் பழைய விவரிப்புகளே இன்றும் வேண்டியிருக்கின்றன.