செயற்கைப் புல்தரை

செயற்கைப் புல்தரை என்பது பிளாஸ்டிக் இழைகளைப் புல்லின் நிறத்திலும் உயரத்திலும் ஒரு துணித்தளத்தில் தைத்து, தரையில் விரிக்கும் கம்பளம். விளையாட்டு மைதானத்துக்காகப் பிறந்த இது, இன்று வீட்டு முற்றம், மொட்டைமாடி, சிறுவர் பூங்கா, மண்டப வாசல் என்று எங்கும் விரிகிறது. தமிழ்நாட்டு இளைஞர்கள் 'டர்ஃப்' என்ற பெயரில் இதை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, இரவு விளக்கொளியில் பந்தாடுகிறார்கள். நீர் பாய்ச்ச வேண்டாம், வெட்ட வேண்டாம், மழையில் சேறாகாது என்பன இதன் மூன்று பெருமைகள். முதலாவது பெருமை, நிரந்தர ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் தனி மதிப்புப் பெறுகிறது. இதன் தீமைகளும் அந்த நிலத்தில்தான் கூடுதலாக உறைக்கும். எனவே இதன் உலக வரலாற்றைச் சொன்னபின், குடாநாட்டின் வடகரையிலுள்ள கீரிமலையின் மண்ணையும் நீரையும் முன்வைத்து இதன் பயன் இங்கு ஆராயப்படுகிறது.

பாய் விரித்து ஆடிய காலம்

புல் நிலைக்காத நிலத்தில் வேறொன்றை விரித்து ஆடும் வழக்கம் பிளாஸ்டிக்குக்கு மிக முந்தியது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் துடுப்பாட்டம் பரவியபோது, நீர் பாய்ச்சி உருளை ஓட்டிப் பராமரிக்கும் புல் ஆடுகளம் பெருநகரக் கழகங்களுக்கே கட்டுப்படியானது. மற்ற ஊர்களில் இறுகிய மண்ணிலோ கொங்கிறீட்டிலோ தென்னை நார்ப் பாயை விரித்து, நான்கு பக்கமும் ஆணி அறைந்து ஆடினார்கள். 'மற்றிங்' என்று யாழ்ப்பாணத்தார் சொல்வது இதைத்தான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் 'வடக்கின் சமர்' நீண்ட காலம் இத்தகைய மற்றிங் ஆடுகளத்தில்தான் நடந்தது. பாயில் பந்து ஒரே சீராக எழும். திரும்பும் பந்து கூர்மையாகத் திரும்பும். பாயில் பழகிய துடுப்பாட்டக்காரர் புல் ஆடுகளத்துக்குப் போனால் தடுமாறுவார். ஆடும் தரை மாறினால் ஆட்டமே மாறும் என்பதை எந்த ஆய்வும் சொல்வதற்கு முன்பே இம்மண்ணின் ஆட்டக்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

நைலோன் புல்

இன்று நாம் காணும் செயற்கைப் புல் அமெரிக்காவில் பிறந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட இடமில்லை, அதனால் அவர்களின் உடல்தகுதி கிராமத்துப் பிள்ளைகளைவிடக் குறைந்திருக்கிறது என்ற கவலை 1950களில் அங்கு எழுந்தது. சிமெந்து முற்றத்தையே விளையாடும் தரையாக மாற்ற முடியுமா என்ற தேடலுக்கு ஃபோர்ட் அறக்கட்டளையின் ஆதரவு கிடைத்தது. மொன்சான்ரோ நிறுவனம் நைலோன் இழையில் 'கெம்கிராஸ்' என்ற தரையை உருவாக்கி, 1964இல் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள மோசஸ் பிரவுன் பாடசாலையில் விரித்தது. இதற்கான காப்புரிமை ஜேம்ஸ் ஃபாரியா, றொபேட் றைட் ஆகிய இருவரின் பெயரில் 1967இல் வழங்கப்பட்டது. பிள்ளைகளின் நலம் கருதித் தொடங்கிய முயற்சி என்பது இன்று பெரும்பாலும் மறந்துபோன செய்தி.

இதற்குப் புகழ் தேடித்தந்தது ஹூஸ்டன் நகரின் அஸ்ட்ரோடோம் அரங்கு. 1965 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்த மூடிய அரங்கில், கூரையின் ஒளிபுகும் தகடுகள் வழியே வெயில் இறங்கி உள்ளே புல் வளரும் என்று திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் கூரையின் கண்கூச்சத்தில், உயர எழுந்த பேஸ்போல் பந்து ஆட்டக்காரருக்குத் தெரியவில்லை. தகடுகளுக்கு வண்ணம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. காய்ந்த தரைக்குப் பச்சை வண்ணம் அடித்து அந்தப் பருவத்தை ஓட்டிய பின், 1966இல் கெம்கிராஸ் விரிக்கப்பட்டது. அரங்கின் பெயரையொட்டி அது 'அஸ்ட்ரோடர்ஃப்' ஆனது. ஒரு வணிகப் பெயர் உலகெங்கும் பொதுப்பெயராகிவிட்டது.

ஹொக்கியும் தமிழ்நாடும்

தெற்காசியாவைச் செயற்கைப் புல் முதலில் காயப்படுத்தியது 1976இல், மொன்றியல் ஒலிம்பிக்கில். ஒலிம்பிக் ஹொக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது அங்குதான். 1928 முதல் ஆடிய ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்றுவந்த இந்திய அணி ஏழாம் இடத்துக்கு இறங்கியது. அதற்கு முந்திய ஆண்டுதான் கோலாலம்பூர் புல்தரையில் உலகக் கிண்ணத்தை வென்றிருந்தது. மேடு பள்ளமான புல்லில் பந்தைக் கோலோடு ஒட்டவைத்துக் கொண்டுபோகும் நுட்பம் இந்தியரின் செல்வம். சமதளமான செயற்கைத் தரையில் வேகமும் வலுவும் நீண்ட அடியும் முந்திக்கொண்டன. பழகுவதற்கே அத்தரை கிடைக்காத ஏழை நாடுகளின் கையிலிருந்து ஆட்டம் நழுவியது. தோல்விக்குத் தரை மட்டுமே காரணம் என்பது மிகை. ஆனாலும் பழகாத தரையில் உலகத்தை எதிர்கொள்ள நேர்ந்தது அநீதி என்றே சொல்லவேண்டும். 1980 மொஸ்கோவில் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. பல வலுவான அணிகள் புறக்கணித்த போட்டி அது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில், சொந்த மண்ணில் விரித்த செயற்கைத் தரையிலேயே இந்தியா பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றது.

பின்னர் தமிழ்நாடு இத்தரையைத் தன்வசமாக்கியது. சென்னை எழும்பூரில் உள்ள மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் 1996, 2005 ஆகிய ஆண்டுகளின் சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டிகளும் 2007 ஆசியக் கிண்ணமும் நடந்தன. 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கிண்ணத்துக்காக அங்கு புதிய தரை போடப்பட்டது. கரும்பிலிருந்து பெறப்படும் பொலிஎத்திலீனைப் பெருமளவு கொண்ட அதே வகைத் தரைதான் அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் விரிக்கப்பட்டது. ஹொக்கிக்குப் பெயர்போன கரிசல் மண் ஊரான கோவில்பட்டிக்கும் செயற்கைத் தரை அரங்கு கிடைத்தது. மொன்றியல் காலத்தில் எட்டாத தரை, அவ்வூர்த் தீப்பெட்டித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் வந்துவிட்டது. இந்த மாற்றத்தை நன்மைப் பட்டியலில் முதலில் எழுதவேண்டும்.

இங்கே ஒரு முரணும் உண்டு. உயர்நிலை ஹொக்கித் தரை நனைந்திருந்தால்தான் பந்து ஓடும், விழுந்தால் தோல் உரியாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் ஆயிரக்கணக்கான லீற்றர் நீர் தெளிப்பார்கள். ஆகவே நீர் வேண்டாத தரை என்ற புகழ் எல்லா வகைக்கும் பொருந்தாது.

தலைமுறைகளும் அமைப்பும்

முதல் தலைமுறை குட்டை நைலோன் இழை. கடினமானது, தோலை எரிப்பது. இரண்டாம் தலைமுறையில் பொலிபுரொப்பிலீன் இழைகளுக்கிடையே மணல் நிரப்பினார்கள். 1990களில் வந்த மூன்றாம் தலைமுறை நீண்ட பொலிஎத்திலீன் இழையும், மணலோடு பழைய வாகன டயர்களை அரைத்த இறப்பர் துகளும் கொண்டது. கால் பதிந்து எழுவது புல்லைப் போலவே இருந்ததால் உதைபந்தாட்டம் அதை ஏற்றுக்கொண்டது. 2001இல் ஃபிஃபா தரச்சான்று முறையைத் தொடங்கியது. ஆயினும் கனடாவில் 2015 மகளிர் உலகக் கிண்ணம் முழுவதும் செயற்கைத் தரையில் நடத்தப்பட்டபோது, ஆண்களுக்குப் புல், பெண்களுக்குப் பிளாஸ்டிக்கா என்று முன்னணி வீராங்கனைகள் சட்டநடவடிக்கை வரை போனார்கள்.

வீட்டிலோ பூங்காவிலோ விரிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பச்சையைவிட அதன் அடியில் இருப்பதுதான் முக்கியம். மேல்மண்ணை ஒரு சாண் அளவுக்கு அகழ்ந்து, நீர் கசியும் வடிதுணி விரித்து, சல்லிக்கல் பரப்பி, அதன்மேல் கல்தூள் இட்டு, சிறு சரிவோடு இறுக்கவேண்டும். கம்பளச் சுருள்களை இழைகள் ஒரே திசையில் சாயுமாறு விரித்து, இணைப்பில் அடியில் பட்டி வைத்துப் பசையால் ஒட்டவேண்டும். பின்னர் உலர்ந்த மணலைத் தூவித் துடைப்பத்தால் எதிர்த்திசையில் பெருக்கினால் இழைகள் நிமிர்ந்து நிற்கும். கம்பளத்தின் அடியில் வரிசையாக உள்ள சிறு துளைகள் வழியே மழைநீர் இறங்கும். சிமெந்துத் தரையில் அப்படியே விரித்தால் அந்தத் துளைகளால் எந்தப் பயனும் இல்லை. நீர் தேங்கி நாற்றம் எடுக்கும். நன்கு போட்ட தரை பத்தாண்டு வரை தாங்கும்.

கீரிமலையில் வைத்துப் பார்த்தால்

கீரிமலை நகுலேஸ்வரம் ஆலயமும் கடலோரக் கேணியும் கொண்ட தலம். நிலத்தினடிச் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே வரும் நன்னீர், கடல் உப்பை ஒட்டிய கரையில் ஊற்றாகப் பொங்குகிறது. குடாநாட்டின் நீர்க்கணக்கு முழுவதும் அந்த ஊற்றில் அடங்கியிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை. வழுக்கையாறு மழைக்கால ஓடை மட்டுமே. விழுந்த மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமாக நிற்கிறது. கிணறு அதிலிருந்துதான் இறைக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் தாழ்ந்தால் உப்புநீர் 40 மீற்றர் வரை மேலெழும் என்பது நீரியலாளரின் ஏட்டுக்கணக்கு.

வறண்ட மாதங்களில் ஒரு புல்தரை பச்சையாக நிற்கச் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லீற்றர் வேண்டும். 105க்கு 68 மீற்றர் உதைபந்தாட்ட மைதானத்துக்கு இது 35,700 லீற்றர். 10,000 லீற்றர் தண்ணீர் வண்டிகள் (பவுசர்கள்) மூன்றரை. ஆனி, ஆடியில் குடிநீருக்கே பவுசரைப் பார்த்திருக்கும் ஊர்கள் குடாநாட்டில் உண்டு. அங்கே ஒரு மைதானத்துக்கு அவ்வளவு நீர் இறைப்பதை எவராலும் நியாயப்படுத்த முடியாது. போதாததற்கு, கடற்காற்றின் உப்பும் மெல்லிய மண்ணும் உயர்ரகப் புல்லை வாட்டும். மக்கள் 1990இல் இடம்பெயர்ந்து, உள்நாட்டுப் போருக்குப்பின் கட்டங்கட்டமாக மீண்ட, கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கில், ஒரே மைதானத்தைப் பல பாடசாலைகளும் கழகங்களும் பங்கிடும்போது புல் மிதிபட்டே அழியும். காலை முதல் இரவு வரை மிதிபடுவதைத் தாங்கும், கார்த்திகை மழை விட்டதும் ஆடத்தக்க தரை அங்குள்ள பிள்ளைகளுக்குப் பெரும் பேறு. பலர் பயன்படுத்தும் இத்தகைய பொது மைதானத்துக்குச் செயற்கைப் புல் தகும் என்பதே இக்கட்டுரையாளரின் முடிபு.

வீட்டு முற்றத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. யாழ்ப்பாண முற்றம் என்றுமே புல்வெளியாக இருந்ததில்லை. கூட்டிப் பெருக்கிய மணல் முற்றம், ஓரத்தில் செவ்வரத்தை, மூலையில் கிணறு. மணலில் விழுந்த மழை நேரே கிணற்றுக்குப் போகும். நீரே கேட்காத முற்றத்தில் நீரைச் சேமிக்கவென்று பிளாஸ்டிக் விரிப்பதில் பொருளில்லை. புலம்பெயர்ந்தோர் கட்டும் புதிய வீடுகளில் முற்றத்துக்குச் சிமெந்து போட்டு அதன்மேல் பச்சைக் கம்பளம் விரிப்பது, மழை நிலத்துக்குள் இறங்கும் வாயை அடைப்பதாகும். பச்சை வேண்டுமென்றால் அறுகு இருக்கிறது. ஆவணியில் காய்ந்து பழுப்பாகும், ஐப்பசி முதல் மழையில் தானே தளிர்க்கும். வெப்பநாட்டு விளையாட்டுத் தரைகளுக்கு உலகம் தேர்ந்தெடுத்த புல்லும் இதே அறுகும் அதன் கலப்பினங்களும்தான். மொட்டைமாடி, நிழல் விழும் உள்முற்றம், முதியோர் நடக்க வழுக்காத ஓரம் போன்ற புல் முளைக்காத இடங்களில் கம்பளம் பயன்தரும். மழைக்காலச் சேற்றில் தள்ளுநாற்காலி புதையும் வாசலில் அது ஒருவருக்கு வெளியுலகத்தையே திறந்துவிடலாம்.

கேணிக்கரை முற்றிலும் வேறு. ஆடி அமாவாசையில் தந்தையரை நினைத்துப் பிதிர்க்கடன் கழிக்க வருவோர் ஆயிரக்கணக்கில் வெறுங்காலோடு அங்கே நடப்பார்கள். அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் அளந்தபோது, காற்று 37 பாகை செல்சியஸில் இருந்த நாளில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 93 பாகையைத் தொட்டது. அந்தச் சூட்டில் பாதியே ஆனாலும் குழந்தையின் உள்ளங்கால் தாங்காது. கர்ப்பூரமும் தீபமும் எரியும் இடத்தில், 120 பாகையை ஒட்டி உருகும் பொலிஎத்திலீனை விரிப்பது ஆபத்து. கோயில் வீதிகளில் நெடுங்காலமாக விரிக்கும் தென்னை நார்ப் பாயும் வேம்பின் நிழலுமே அங்கு பொருந்தும்.

எஞ்சும் கேள்வி, தேய்ந்த இழையும் இறப்பர் துகளும் எங்கே போகும் என்பது. மற்ற நிலங்களில் மண் ஓரளவு வடிகட்டும். சுண்ணக்கல் வெடிப்பு வடிகட்டாது. மேலே கொட்டியது கிணற்றில் வந்து சேரும். உரத்தின் நைத்திரேற்று வலிகாமக் கிணறுகளில் கலந்ததையும், சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணற்றுநீரில் மிதந்ததையும் இம்மக்கள் பட்டறிந்தவர்கள். ஒரு முழு உதைபந்தாட்டத் தரையில் இறப்பர் துகள் மட்டும் நூறு தொன்னளவில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்டிக்குக்கு எதிராக 2023இல் இயற்றிய ஒழுங்குவிதி, இத்துகளை 2031 ஒக்டோபர் முதல் விற்பதற்குத் தடை விதிக்கிறது. அங்கு தடையாகும் சரக்கு மலிவு விலையில் நம் துறைமுகங்களுக்கு வந்துவிடாமல் பிரதேச சபைகள் இப்போதே விழித்திருக்கவேண்டும். கேள்விப்பத்திரத்திலேயே இறப்பர் துகள் கூடாது, ஓரங்களில் துகள் பிடிக்கும் வடிகால் தொட்டி வேண்டும், காலம் முடிந்ததும் கம்பளத்தை வழங்குநரே எடுத்துச்செல்லவேண்டும் என்று எழுதலாம். துகளுக்கு மாற்றாகத் தக்கையும் தென்னை நாரும் இப்போது பயன்படுகின்றன. தும்புத் தொழில் இலங்கையின் பழைய ஏற்றுமதித் தொழில் என்பதால், தென்னை நார் நிரப்பு உள்ளூரிலேயே கிடைக்கக்கூடியது. இறப்பரைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் அதை ஈரப்பதத்தோடு வைத்திருக்கவேண்டும். அதற்குரிய நீரைக் கிணற்றிலிருந்து இறைக்காமல், மைதானத்தின் வடிகால் மழைநீரைத் தொட்டியில் பிடித்தே தெளிக்கும்படி முதலிலேயே திட்டமிடவேண்டும்.