பத்ர் களத்துக்குச் செல்லாத உஸ்மான் (ரழி)
வீட்டில் நோயாளியைப் பராமரிப்போருக்கு வரலாறு தரும் பாடம்

 

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) ரமழான் மாதம். நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் பத்ரை நோக்கிப் புறப்பட்ட வேளையில், நபிகளாரின் அருமை மகளார் ருகையா (ரழி) அவர்கள் மதீனாவில் கடும் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார்கள். அவர்களது கணவர் உஸ்மான் இப்னு அஃப்பான் (ரழி) அவர்களை வீட்டிலேயே தங்கி மனைவியைப் பராமரிக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் கனீமத்தில் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள்.

வெற்றிச் செய்தியைச் சுமந்து ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்கள் மதீனாவுக்குள் நுழைந்தபோது, ருகையா (ரழி) அவர்களின் கப்ரில் மண்ணைச் சமப்படுத்திக் கொண்டிருந்தார்கள். ஊர் மகிழ்ந்த அதே நாளில் உஸ்மான் (ரழி) அவர்களின் வீடு வெறுமையாயிற்று.

இச்சம்பவம் அத்தோடு முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகளின் பின்னர் ஹஜ்ஜுக்கு வந்த ஒரு மனிதர், உஸ்மான் (ரழி) பத்ரில் இல்லாததை ஒரு குறையாகச் சுட்டிக்காட்டி இப்னு உமர் (ரழி) அவர்களிடம் வினவினார். நோயுற்ற மனைவியின் பொருட்டு நபியவர்களே அவரை நிறுத்திவைத்தார்கள் என்ற உண்மையை இப்னு உமர் (ரழி) அவர்கள் விளக்கவேண்டியிருந்தது. களத்தில் ஒருவர் இல்லை என்பதை மனிதர்கள் கணக்கெடுத்தார்கள். நோயாளியின் அருகில் அவர் விழித்திருந்ததை மறந்தார்கள். இன்றும் இதே நிலைதான் அல்லவா?

தாதியின் கூடாரம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து நரம்பு அறுந்தது. அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக, மஸ்ஜிதுந் நபவியிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்து வந்த ருஃபைதா (ரழி) என்ற பெண்மணியே அவரைப் பராமரித்தார். நபியவர்கள் காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போது ஸஅத் (ரழி) அவர்களிடம் நலம் கேட்பார்கள். ஈற்றில் காயம் மீண்டும் திறந்து ஸஅத் (ரழி) ஷஹீதானார்கள். எத்துணை பணிவிடை செய்தாலும் நோயாளி பிரிந்துவிடும் வேதனையைத் தாதியர் அன்றே அறிந்திருந்தனர். ஆயினும் அவர்களது பணிக்கு மஸ்ஜிதிலேயே இடமளிக்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

நோயாளியின் சொல்லுக்கு மதிப்பு

ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) நபியவர்களே நோயுற்றார்கள். ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் தங்கிப் பராமரிப்புப் பெற ஏனைய மனைவியரிடம் அனுமதி கேட்டார்கள். இருவர் தாங்கிப்பிடிக்க, கால்கள் தரையில் இழுபட அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு சமயம் அவர்கள் மயக்கமுற்றிருந்த வேளையில், வீட்டார் வாயின் ஓரத்தால் மருந்து புகட்டினார்கள். வேண்டாம் என நபியவர்கள் சைகை செய்தும், நோயாளிகள் மருந்தை வெறுப்பது வழமைதானே என்று எண்ணி விட்டார்கள். தெளிவு பெற்றதும் நபியவர்கள் அதனைக் கண்டித்தார்கள்.

அன்பின் மிகுதியால் செய்த செயலே அது. எனினும் நோயாளிக்கும் ஒரு விருப்பம் உண்டு. "வாப்பாவுக்கு ஒன்றும் விளங்காது" என்று அவர் முன்னாலேயே பேசுகின்ற பிள்ளைகள் இதனைச் சிந்திக்கட்டும்.

சமூகத்தின் பங்கு

வீட்டிலுள்ள நோயாளியைக் குடும்பம் மட்டுமே சுமக்கவேண்டும் என்று நம் முன்னோர் கருதவில்லை. கி.பி. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்ஸூரி வைத்தியசாலையின் வக்பு வருமானத்திலிருந்து, வீடுகளில் படுத்திருந்த வறிய நோயாளிகளுக்கும் மருந்தும் உணவும் வழங்கப்பட்டன.

நம் இல்லங்களில்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 100 பேரில் சுமார் 12 பேர் 60 வயதை எட்டியவர்கள். அதன் பின்னர் இவ்விகிதம் கூடியே வந்துள்ளது. பாரிசவாதத்தால் படுத்த உம்மா, நீரிழிவினால் கால் இழந்த வாப்பா என்று நம் தெருக்களில் எத்தனை வீடுகள்! படுக்கைப் புண் வராதிருக்க, அசையமுடியாத நோயாளியை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும் என வைத்தியர்கள் அறிவுறுத்துகிறார்கள். இரவிலும் அப்படித்தான். அந்த இரவுகளை விழித்திருப்பவர் யார்? பெரும்பாலும் ஒரே மகள், அல்லது ஒரே மருமகள். தராவீஹுக்கு வரவில்லை, கல்யாண வீட்டுக்கு வரவில்லை என்று ஊர் குறைசொல்வதும் அவரைத்தான்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகின்ற சகோதரர்களே! உங்கள் பணம் பெரிய உதவிதான். ஆனால் பணம் வந்து உம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்காது. விடுமுறையில் வரும்போது அந்த இரவுகளில் சிலவற்றை நீங்கள் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். உள்ளூரிலுள்ள ஆண்மக்களே! பெற்றோரைத் தூக்குவதும் துடைப்பதும் பெண்களின் வேலை என்று ஒதுங்காதீர்கள். உஸ்மான் (ரழி) ஓர் ஆண்மகனே, நோயாளியின் பக்கத்தில் நின்றார்கள்.

வீட்டுக்கு வருகின்ற தாதியை வேலைக்காரியைப் போல் நடத்தாதீர்கள். பாத்திரம் கழுவ அவரை ஏவாதீர்கள். பேசிய கூலியைத் தாமதிக்காதீர்கள். பாரமான நோயாளியைத் தனியே தூக்கவிடாமல் கைகொடுங்கள்.

பள்ளிவாசல் நிருவாகிகளும் ஜமாஅத்தினரும் தம் மஹல்லாவில் படுக்கையிலுள்ளோர் யார், அவர்களைப் பராமரிப்போர் யார் என்று அறிந்து வைத்திருப்பது கடமையாகும். நலம் விசாரிக்கச் செல்பவர் நோயாளியிடம் ஸலாம் சொல்லிவிட்டு, பராமரிப்பவரிடமும் "நீங்கள் உறங்கினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

நோயாளியின் அருகில் விழித்திருக்கும் சகோதரியே! ஊர் உங்களைக் காணாவிட்டாலும் அல்லாஹ் காண்கிறான். பத்ருக்குச் செல்லாத உஸ்மான் (ரழி) அவர்களைப் பத்ர் வீரர்களின் கூலியில் சேர்த்த மார்க்கம் நம்முடையது.

நோயாளிகளுக்கு ஷிஃபாவையும் பராமரிப்போருக்குப் பொறுமையையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.