கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

பெருங்குடியில் மின்சாரம் நின்றால், பெரிய கட்டடங்களின் பின்புறத்தில் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்குகின்றன. அருகிலேயே தெருவோரப் புங்க மரம் நிழல் தருகிறது. புங்க எண்ணெயில் நம் முன்னோர் விளக்கேற்றினார்கள். விளக்கில் எரியும் எண்ணெய் எஞ்சினையும் ஓட்டுமா? இக்கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. கனிம எண்ணெய்க்கென அமைந்த அந்த எஞ்சின் எம்மாற்றமும் இன்றி ஓடியதாகவும், சிலரே அதைக் கவனித்ததாகவும் ருடால்ஃப் டீசல் பின்னர் எழுதினார்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்று பதினைந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ அழுத்தப்படுவதால் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதில் நுண்துளிகளாகத் தூவப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. தாவர எண்ணெயின் பாகுநிலையோ டீசலைப் போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. எனவே துளிகள் பெரிதாகின்றன, முழுவதும் எரிவதில்லை, நாளடைவில் தூவுமுனையில் கரி படிகிறது.

இதற்கு வழி கண்டவர் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் சவான். 1937-இல் பாமாயிலை எத்தில் ஆல்கஹாலுடன் வினைபுரியச் செய்து எரிபொருளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெய் மூலக்கூறில் ஒரு கிளிசரால் தண்டில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. வினையில் சங்கிலிகள் கழன்று மூன்று எஸ்டர் மூலக்கூறுகளாகின்றன. கிளிசரால் தனியே பிரிகிறது. எஸ்டரின் பாகுநிலை டீசலை நெருங்கிவிடுகிறது. இதுவே பயோடீசல். 1938-இல் பிரஸ்ஸல்ஸ், லூவேன் நகர்களுக்கிடையே ஒரு பேருந்து இதில் ஓடிற்று.

நம் நாட்டில் 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 விழுக்காடு பயோடீசல் கலந்த டீசலில் ஓடியது. 2003-இல் திட்டக்குழு அமைத்த குழு காட்டாமணக்கைப் பயிரிடப் பரிந்துரைத்தது. வறண்ட நிலத்திலும் நன்கு விளையும் என்ற நம்பிக்கையில் தமிழக உழவர்களும் நட்டார்கள். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது: விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, நீரில்லாமல் பயனில்லை. செடி உயிரோடிருக்க நீர் சிறிது போதும். காய்த்துக் குலுங்க அது போதாது. இந்த வேறுபாட்டின் விலையை உழவர் கொடுத்தார்.

2009-ஆம் ஆண்டுக் கொள்கை 2017-க்குள் 20 விழுக்காடு கலப்பை நாடியது. 2018-ஆம் ஆண்டுக் கொள்கை 2030-க்குள் 5 விழுக்காடு என்று இறங்கியது. அதே 2018-இல், பயன்படுத்திய சமையல் எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் திட்டமும் தொடங்கிற்று. பஜ்ஜி பொரித்து மிஞ்சிய எண்ணெய்க்குப் புதிதாக நிலமும் வேண்டாம், நீரும் வேண்டாம் அல்லவா?