மினோவன் என்று ஒருவன் இல்லை

'மினோவன் நாகரிகம்' என்று தலைப்பிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி, "யார் அந்த மினோவன்?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. முருகன், வேலன், சோழன் என்று பழகிய காதுக்கு 'அன்' என முடிந்தால் அது ஓர் ஆண்மகனின் பெயர். இங்கே இருக்கும் 'அன்' நம் விகுதி அல்ல. ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கழற்றிவிட்டு 'மினோவ நாகரிகம்' என்று எழுதுவதே எனக்குப் பிடிக்கும். ஆனால் கழற்றிய பிறகும் சொல்லுக்குள் ஓர் ஆள் நிற்கிறான்: மினோஸ்.

கிரேக்கக் கதைகளில் மினோஸ் கிரீட் தீவின் அரசன். சீயஸ் கடவுளின் மகன். காளைத் தலையும் மனித உடலும் கொண்ட மினோட்டாரை, நுழைந்தவர் வெளியேற முடியாத லாபிரிந்த் என்னும் சுற்றுவழிக் கட்டடத்தில் அடைத்து வைத்தவன். தீசியஸ் என்ற வீரன் நூல்கண்டோடு உள்ளே போய் அதைக் கொன்ற கதையைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் எழுந்து போகாது. 'மினோட்டார்' என்பது மினோசையும், காளையைக் குறிக்கும் 'தவ்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லையும் சேர்த்த கூட்டுப்பெயர். அதற்கு அஸ்டேரியோஸ் என்று தனிப்பெயரும் உண்டு. அதை யார் நினைக்கிறார்கள்?

அரசன் பெயரிலிருந்து அடைமொழி பிறந்ததும் பழைய சங்கதியே. அப்போலோன் கடவுள் மீது பாடப்பட்ட பழங்கிரேக்கத் துதி ஒன்றில் கிரீட்டின் குனோசோஸ் நகருக்கு 'மினோசின்' என்ற அடை வருகிறது. மத்தியதரைக் கடலோரத்தில் 'மினோவா' என்று பல ஊர்களும் இருந்தன. 1820களில் கிரீட்டைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஹோக், அதன் ஒரு பகுதிக்கு 'மினோவக் கிரீட்' என்றே தலைப்பு வைத்தார். அதுவரை அது கதைக்காலத்தைச் சுட்டும் சொல். மண்ணுக்கடியிலிருந்து எதுவும் வெளிவந்திருக்கவில்லை.

1878இல் குனோசோசில் முதலில் கடப்பாறை போட்டவர் உள்ளூர் வணிகர் ஒருவர். அவர் பெயர் மினோஸ் கலோகெரினோஸ்! ஆளுயரத் தாழிகள் கிடைத்தன, வேலை தொடரவில்லை. 1900இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் அங்கே அகழத் தொடங்கி, கிரேக்கத்தின் புகழ்க்காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்திய அரண்மனையைக் கண்டார். அதற்கு வைக்கப் பெயர் வேண்டும். கையருகே கிடந்த 'மினோவ' என்பதை எடுத்து முன், இடை, பின் எனக் காலங்களைப் பிரித்தார். கதையின் பெயர் வரலாற்றின் பெயரானது அப்போதுதான். எவன்சுக்குப் பெயர் சூட்டுவதில் கை தாராளம்: 'சிம்மாசன அறை', 'அரசியின் கூடம்' எல்லாம் அவர் வைத்தவையே. அந்தச் சிம்மாசனத்தில் யார் உட்கார்ந்தார் என்பதற்குச் சுவர் ஓவியங்களிலும் தெளிவான சாட்சி இல்லை. ஆகவே பிள்ளைகளிடம் "மினோஸ் ஆண்ட மக்கள்" என்று சொல்லிவிடக் கூடாது. மினோசின் கதையால் பின்னாளில் பெயர் பெற்ற மக்கள், அவ்வளவுதான்.

அவர்கள் வாழ்ந்த காலத்தில் மற்றவர்கள் என்னவென்று அழைத்தார்கள்? எகிப்தியர் 'கெஃப்டியு' என்றார்கள். சுமார் 3,450 ஆண்டுக்கு முந்திய எகிப்திய அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில், வண்ண அரையாடை கட்டி, நீண்ட சுருள்முடியோடு, சாடிகளைச் சுமந்து வரும் கெஃப்டியு மனிதர்களை இன்றும் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் இல்லை. யூப்ரடீஸ் கரையிலிருந்த மாரி நகரத்துக் களிமண் பலகைகள் 'கப்தாரா' என்கின்றன. கப்தாரா பாணித் தோல் செருப்பு ஒரு சோடி அங்கிருந்து பாபிலோன் அரசன் ஹமுராபிக்குப் பரிசாகப் போய், அப்படியே திரும்பி வந்ததாம். ஏன் வேண்டாமென்றான் என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். எபிரேயத்தில் அது 'கப்தோர்'. தமிழ் விவிலியத்தில் ஆமோசின் நூலைப் புரட்டியவர்கள் இந்தப் பெயரைக் கடந்துதான் போயிருப்பார்கள். உயிரொலிகள் இடத்துக்கு இடம் மாறினாலும் தொடக்க மெய்யொலிகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்பதைக் கவனியுங்கள். எவன்சின் சொல்லைவிட இவை சுமார் 3,000 ஆண்டு மூத்தவை. ஆனாலும் பாடப்புத்தகம் எவன்ஸ் பக்கமே சாய்ந்துவிட்டது.

அம்மக்கள் எழுதிய எழுத்துக்கு 'நேரியல் ஏ' என்று பெயர். அதுவும் எவன்ஸ் இட்டதே. அதன் மொழி இன்னும் விளங்கவில்லை. அதற்குப் பின் வந்த 'நேரியல் பி'யை ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் படித்துவிட்டார். அது பழைய கிரேக்கம். அதைப் படிக்கும் ஆசை, பள்ளிச் சிறுவனாக 1936இல் எவன்சைச் சந்தித்தபோது வென்ட்ரிசைப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லாமல் விடலாமா?

இரண்டு எழுத்துக்கும் பல குறிகள் பொது. நம் உயிர்மெய்யைப் போலப் பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு குறி. நேரியல் பியின் ஒலிகளை வைத்து, கிரீட்டின் ஹாகியா டிரியாடாவில் கிடைத்த நேரியல் ஏ பலகைகளைப் படித்தால் மூன்று குறிகள் பா-இ-டோ என்று சேர்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் ஃபைஸ்டோஸ் ஊரின் பெயர் அது என்பது அறிஞர் பலரின் முடிவு. மினோஸ், மினோட்டார் எல்லாம் சொல்லி முடித்தபின் அந்த மூன்று குறிகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். பிள்ளைகள் பார்த்து எழுதட்டும். அந்த மக்கள் தம் கையால் எழுதிய ஊர்ப்பெயர் அது. கிரீட்டின் வரைபடத்தில் அந்த ஊர் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது.