கருவியும் கையேடும்

புதிய கருவி ஒன்று கைக்கு வந்தவுடன் நாம் முதலில் தேடுவது எதை? அதனுடன் வரும் கையேட்டைத்தான். எந்த முனை எத்தனை வோல்ட்டு வரை தாங்கும், எதை எதனுடன் இணைக்கலாம், எதை இணைத்தால் கருவி கெட்டுவிடும் என்பவை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். கையேடு இல்லாத கருவி பூட்டிய பெட்டிக்கு ஒப்பாகும். அந்தக் கையேடுகளை எழுதுவோர் யார்? அவற்றில் பிழையோ குறையோ இருந்தால் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு? இக்கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது அமெரிக்காவையும் இத்தாலியையும் தொட்டுப் புதுதில்லிக்கு வருகிறது. வடசென்னையின் மணலிக்கும் அதில் ஓர் இடம் உண்டு என்பதைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

பூட்டும் திறவுகோலும்

வால்வு வானொலிகளின் காலத்தில் பழுது பார்ப்பவர் மின்சுற்றுப் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு வேலை செய்தார். 1978-இல் ஆப்பிள் நிறுவனம் தன் 'ஆப்பிள் 2' கணிப்பொறிக்கு வெளியிட்ட கையேட்டில் அதன் மின்சுற்றுப் படமும் அச்சிடப்பட்டிருந்தது. வாங்கியவர் தம் பொருளின் உள்ளமைப்பை அறிந்துகொள்வது இயல்பானது என்று அன்று கருதப்பட்டது. பின்னர் இந்நிலை மாறியது. மின்சுற்றுப் படங்களும், மென்பொருள்களின் மூலநிரல்களும் வணிக இரகசியங்களாயின.

இப்போக்கை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ரிச்சர்டு ஸ்டால்மன். அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் அவர் பணியாற்றிய ஆய்வகத்துக்கு 1980 அளவில் ஒரு புதிய அச்சுப்பொறி வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் அதைப் பயன்படுத்துவோருக்குத் தெரிவிக்கும் வகையில் அதன் மென்பொருளை மாற்ற அவர் விரும்பினார். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983-இல் அவர் 'குனூ' என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார்.

ஆனால் மென்பொருளைத் திறந்துவிட்டு அதன் கையேட்டைப் பூட்டி வைத்தால் என்ன பயன்? ஒருவர் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தால் கையேட்டிலும் அதற்குரிய பக்கத்தை மாற்றியாக வேண்டும். அதற்கு உரிமை இல்லையெனில் கையேடு பழையதாகவும் கருவி புதியதாகவும் நின்றுவிடும். எனவே 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் கையேடுகளுக்கெனவே 'குனூ கட்டற்ற ஆவண உரிமம்' வெளியிடப்பட்டது. இதன்படி யாரும் ஒரு நூலைப் படியெடுக்கலாம், திருத்தலாம், பிற மொழியில் பெயர்க்கலாம். அவ்வாறு வெளியிடும் நூலையும் அதே உரிமையுடன் பிறருக்கு வழங்க வேண்டும் என்பதே நிபந்தனை.

இவ்ரேயாவிலிருந்து ஒரு பலகை

2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரிலிருந்த ஒரு வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் 'ஆர்டுயினோ' என்னும் மின்னணுப் பலகை உருவாயிற்று. அதே நிறுவனத்தில் எர்னாண்டோ பர்ரகான் என்ற மாணவர் உருவாக்கிய 'வயரிங்' என்ற பலகை இதற்கு முன்னோடி. மாசிமோ பான்சி, டேவிட் குவார்ட்டியேயசு முதலியோர் ஆர்டுயினோவை அமைத்தனர். பலகையின் மின்சுற்றுப் படத்தை யாரும் எடுத்துக்கொள்ளுமாறு அவர்கள் வெளியிட்டனர்.

இப்பலகை யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பொறியியல் அறியாத கலை மாணவர்களுக்காக! ஆகவே அதன் விளக்கங்கள் எளிய எடுத்துக்காட்டுகளாக அமைந்தன. முதற்பாடம் ஒரு சிறு ஒளியுமிழ் டையோடை விட்டுவிட்டு எரியச் செய்வது. பலகையின் முனை தருவது 5 வோல்ட்டு; சிவப்பு டையோடு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 வோல்ட்டு. மீதி 3 வோல்ட்டை ஒரு மின்தடை ஏற்க வேண்டும். அதன் மதிப்பு 220 ஓம் எனில் மின்னோட்டம் சுமார் 14 மில்லி ஆம்பியர். அந்த முனைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 20 மில்லி ஆம்பியர். ஆகவே இது பாதுகாப்பானது. பத்தாம் வகுப்பு மாணவர் செய்யக்கூடிய இக்கணக்கைக் கையேட்டில் எழுதி வைத்தால் எத்தனையோ டையோடுகளும் பலகைகளும் பிழைக்கும்.

நம் நாட்டு முயற்சி

ஆர்டுயினோவுக்கு ஓராண்டு முன்னரே, 2004-இல், புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் 'ஃபீனிக்சு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டிலேயே செய்த கருவிகளையும் புதுமையான சோதனைகளையும் கொண்டு இயற்பியல் கற்பது என்பதே அப்பெயரின் விரிவு. அதை வழிநடத்தியவர் அம்மையத்தின் அறிவியலாளர் பி. பி. அஜித்குமார். கல்லூரி ஆய்வகங்களில் விலையுயர்ந்த கருவிகள் இல்லாத குறையை நீக்குவது திட்டத்தின் நோக்கம்.

முதலில் கணிப்பொறியின் அச்சுப்பொறி இணைப்பு முனை வழியே இயங்கிய இத்திட்டம், பின்னர் 'எக்ஸ்ப்-ஐஸ்' என்ற உள்ளங்கை அளவுப் பெட்டியாக வளர்ந்தது. அலைகாட்டி, அலைவு இயற்றி, நேர அளவி ஆகிய மூன்றின் வேலையையும் அப்பெட்டி செய்யும். மின்தேக்கி ஒன்று மின்னிறக்கம் பெறுவதைத் திரையில் வளைகோடாகக் காணலாம். பொருள் விழும் நேரத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம். பெட்டியின் வடிவமைப்பு, மென்பொருள், கையேடு ஆகிய மூன்றும் திறந்த உரிமங்களின்கீழ் வெளியிடப்பட்டன.

கையேட்டின் அருமையை இதிலேயே காணலாம். 'எக்ஸ்ப்-ஐஸ் 17' பதிப்பில் ஏ1, ஏ2 என்னும் உள்ளீட்டு முனைகள் 16 வோல்ட்டு வரை அளக்கும். அவற்றின் அருகிலுள்ள ஏ3 அளப்பதோ 3.3 வோல்ட்டு வரைதான். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். 9 வோல்ட்டு மின்கலத்தைக் கையிலேந்தி நிற்கும் மாணவருக்கு, இவ்வேறுபாட்டைச் சொல்லும் ஒற்றை வரி முழுப் பாடத்துக்கும் சமமாகும்.

தமிழில் இது புதிதன்று

அறிவை நம் மொழியில் பலர் கூடி எழுதும் பணி நமக்குப் புதிதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தம் மாணவர்களுடன் சேர்ந்து தமிழாக்கினார். 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்து இதழும் வெளியிட்டனர். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. 2012-இல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கும் 'கணியம்' என்னும் மின்னிதழ் பிறந்தது. கிறீன் காலத்தில் ஒரு சொல்லைத் திருத்த அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். இன்று அந்தக் காத்திருப்பு இல்லை. 2005-இல் லினசு டோர்வால்ட்சு உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருள், எந்த வரியை யார், என்று, ஏன் மாற்றினார் என்பதைப் பதிவு செய்து வைக்கிறது. நீங்கள் அனுப்பும் திருத்தத்தைப் பொறுப்பாளர் சரிபார்த்து ஏற்றதும் அது கையேட்டில் சேர்ந்துவிடும்.

மணலிக் காற்றும் ஒரு கையேடும்

இனி மணலிக்கு வருவோம். 1969-இல் இங்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றி உரம், வேதிப்பொருள் ஆலைகள் பல எழுந்தன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை ஆராய்ந்து, 43 பகுதிகளை மிகக் கடுமையாக மாசடைந்தவை என அறிவித்தது. மணலி அவற்றுள் ஒன்று. இங்கு வாழ்பவர் தாம் மூச்சிழுக்கும் காற்றை அளக்க விரும்புவது இயல்பே.

அதற்கும் திறந்த வழி உண்டு. 2015-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தன்னார்வலர்கள் ஒரு மலிவான தூசி அளவியைத் தாமே இணைத்துச் செய்யும் முறையை யாவரும் பின்பற்றுமாறு வெளியிட்டனர். அதில் பயன்பட்ட உணரியின் பெயர் எஸ்.டி.எஸ். 011. சிறு விசிறி ஒன்று காற்றை உள்ளிழுக்கும். லேசர் ஒளி அக்காற்றின் மீது படும். துகள்கள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு, 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான துகள்களின் அளவு மதிப்பிடப்படும்.

இந்த உணரியின் விவரத் தாளில் ஒரு வரி இருக்கிறது: காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. கடலோரத்தில் வாழும் நமக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! சென்னையின் காலைக் காற்று பல நாட்களில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். கடற்காற்றில் மிதக்கும் உப்புத் துகள் ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதத்தில் நீரை உறிஞ்சிச் சிறு துளியாகப் பருக்கும். உணரி அதையும் தூசியாகவே எண்ணும். அளவீடு உண்மையைவிடக் கூடுதலாக வரும். வாரியத்தின் நிலையங்களில் உள்ளவை போன்ற பெரிய கருவிகளில் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. சிறு உணரியில் அது இல்லை. மேலும் அதன் ஆயுள் 8,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டுள்ளது. இடைவிடாது இயக்கினால் ஓராண்டுக்கும் குறைவே.

இவற்றை அறியாமல் ஓர் ஊரார் அளவீடுகளைத் திரட்டி அதிகாரிகளிடம் கொண்டுசென்றால் என்ன ஆகும்? "உங்கள் கருவி ஈரத்தை அளந்திருக்கிறது" என்ற ஒரே பதிலில் அத்தனை உழைப்பும் தள்ளுபடியாகும். காற்று உண்மையிலேயே கெட்டிருந்தாலும் அவர்கள் சொல் அம்பலம் ஏறாது. ஈரப்பதத்தையும் உடன் அளந்து, எல்லை மீறிய நேரத்து அளவீடுகளைத் தனியே குறித்து, வாரிய நிலையத்தின் அளவீட்டோடு ஒப்பிட்டு எழுதியிருந்தால் அதே எண்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஸ்டுட்கார்ட் நகரத்தவர் தம் ஊரின் குளிருக்கேற்ப எழுதினார்கள். எண்ணூரின் உப்புக்காற்றையும் மணலியின் மார்கழிப் பனியையும் பற்றி அவர்கள் எப்படி எழுத முடியும்? அப்பக்கத்தை எழுத வேண்டியவர்கள் இங்கு வாழ்பவர்களே. அதற்குப் பெரிய பட்டம் தேவையில்லை. கையேட்டின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சொன்னபடி செய்து பாருங்கள். எங்கே தடுமாறினீர்களோ அங்கே ஒரு வரி குறைகிறது என்று பொருள். நீங்கள் அளந்த எண், நாள், நேரம், ஈரப்பதம் ஆகியவற்றுடன் அந்த வரியைத் தெளிவான தமிழில் எழுதி அனுப்புங்கள். அடுத்த ஆண்டு திருவொற்றியூரிலோ தூத்துக்குடியிலோ அதே உணரியை வாங்கும் மாணவர், தம் முதல் அளவீட்டை எடுக்கும் முன்பே அதைப் படிப்பார்.