வேலுப்பிள்ளை, சி. வி. (1914–1984)

இலங்கை மலையகத்தின் கவிஞர், நாவலாசிரியர், தொழிற்சங்கவாதி, தோட்டப்புறப் பாடல்களின் தொகுப்பாளர். வாசகர்களும் தொழிலாளரும் இவரை ‘சி.வி.’ என்றே அழைத்தனர். 1914 செப்டம்பர் 14 அன்று வட்டகொடைக்கு அருகே மடக்கும்பரைத் தோட்டத்தில், தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணிக் குடும்பமொன்றில் பிறந்தார். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் பிள்ளைகள் பெரும்பாலும் எட்டிப் பார்க்க முடியாதிருந்த ஆங்கிலக் கல்வி, அட்டனிலும் கொழும்பு நாளந்தாக் கல்லூரியிலும் இவருக்குக் கிடைத்ததற்கு அந்தக் குடும்பநிலையே காரணம். சில காலம் ஆசிரியராகப் பணியாற்றினார்.

எழுத்தைத் தொடங்கியது இசைநாடகத்தில். ‘விஸ்மாஜினி’ என்ற அந்த ஆங்கில நாடகம் 1931இல், இவரது பதினேழாம் வயதில் வெளிவந்தது. 1934இல் இலங்கை வந்த தாகூரிடம் அதை நேரில் கையளித்தார் என்பர். தாகூரின் வசனகவிதை நடை பின்னரும் இவரை விடவில்லை.

பாடல் மரபும் தொகுப்பும்

சி.வி.யின் பாடல் பணியை மதிப்பிட, அதற்கு முந்திய நிலையைப் பார்க்க வேண்டும். மலையகம் தொடர்பாக அச்சேறிய முதல் பாட்டு நூல்களுள் ஒன்று ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பி கிருஷிக் கும்மி’ (1869). நாற்று நடுவது முதலான தோட்ட வேலைகளைக் கும்மி மெட்டில் சொல்லிக்கொடுக்கும் நூல் அது. மெட்டு உழைப்பவருடையது, குரல் வேலை வாங்குபவருடையது. கோப்பியைப் பூஞ்சண நோய் அழித்து, தேயிலை பரவிய பிறகும் தொழிலாளர் வாயிலிருந்த பாட்டு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் பாட்டைத் தொழிற்சங்க மேடைக்குக் கொண்டுவந்தனர். தெரிந்த மெட்டுகளில் உரிமைச் செய்தியைப் புகுத்தி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். அவையும் மக்களுக்காக எழுதப்பட்டவையே அன்றி, மக்களிடமிருந்து எடுக்கப்பட்டவை அல்ல.

சி.வி. தேடியது மக்களிடமிருந்தே எடுக்கும் பாடல்களை. தோட்டந்தோட்டமாகத் திரிந்த தொழிற்சங்க வாழ்க்கை அதற்கு வாய்ப்பளித்தது. பல ஆண்டுகளாகக் கேட்டுச் சேர்த்த பாடல்கள் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற பெயரில் 1983இல் சென்னையில் நூலாயின.

மலையகப் பாடல்களைப் பொதுவாக நான்காகப் பிரிக்கலாம். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி போன்றவை திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து கூடவே வந்தவை. இங்கே ஊர்ப்பெயரும் பயிர்ப்பெயரும் மாறின. இரண்டாவது வகை, மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த பயணத்தையும் ‘கண்டிச் சீமை’ பற்றிய கனவும் கசப்பும் கலந்த நினைவையும் பாடுவது. மூன்றாவது, மலையில் கொழுந்து பறிக்கும்போது பிறந்தவை: கங்காணியின் ஏச்சு, கணக்கப்பிள்ளை அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டது, நிறுவையில் பறிபோன றாத்தல், பெரிய துரையின் நாய் எல்லாமே பாட்டுப் பொருள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பெண்கள் அடுத்த நிரைக்குக் கேட்கும்படி பாட்டாகச் சொன்னார்கள். மலையகத்துக்கே உரியவை என்று தயங்காமல் சொல்லத்தக்கவை இவையே. நான்காவது, மாசி மாதக் காமன் கூத்துப் பாடல்கள். மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, ரதியும் மதனும் வேடமிட்டு லயம் லயமாக ஆடிவர, தப்புப் பறையின் தோலை நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றிக்கொண்டே இரவு முழுக்கப் பாடுவர். காமனை எரிப்பதோடு கூத்து நிறைவுறும்.

இசைக்குறிப்போடு இப்பாடல்கள் பதியப்படாதது பெருங்குறை. சொல் தப்பியது, மெட்டு தப்பவில்லை. போலந்தில் ஒஸ்கார் கோல்பெர்க் 19ஆம் நூற்றாண்டில் நாட்டார் பாடல்களை மெட்டோடு குறித்துவைத்தார். அந்நாட்டின் நவீன இசையமைப்பாளர்களுக்கு நாட்டார் பாடல் ஒரு வற்றாத ஊற்றாயிற்று. சோதனை இசையில் பெயரெடுத்த ஹென்ரிக் குரெட்ஸ்கி 1976இல் அமைத்த மூன்றாம் சிம்பனியில், மகனைப் பறிகொடுத்த தாயின் நாட்டார் பாடலொன்று பெண்குரலில் ஒலிக்கிறது. மலையக ஒப்பாரியை அப்படி இசைமேடைக்குக் கொண்டுசென்றவர் என்று பெயர் சொல்லத்தக்க எவரும் இல்லை. அதன் ஓசையை வேறு வழியில், சொல்லின் தாளமாகக் கவிதைக்குள் கொண்டுவந்தவர் சி.வி.

கவிதையும் உரைநடையும்

1954இல் வந்த இவரது ஆங்கில நெடுங்கவிதை ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ விடியுமுன் எழும் தப்பொலியோடு தொடங்குகிறது. தொழிலாளர் காலையில் திரளும் பிரட்டுக்களத்துக்கு ஆள் கூப்பிடும் தப்பு அது. தேயிலைத் தூருக்கு அடியில் புதையுண்ட முன்னோரும், அதே தூரில் கொழுந்தெடுக்கும் பேத்தியும் ஒரே அடிக்குள் வந்து நிற்பது இக்கவிதையின் வலிமை. கவிஞர் சக்தீ அ. பாலஐயா இதைத் தமிழாக்கினார். பலர் அதைத் தமிழ் மூலமென்றே எண்ணும் அளவுக்கு அம்மொழிபெயர்ப்பு நிலைத்துவிட்டது. ‘போர்ன் டு லேபர்’ (1970) தோட்டத்து மனிதர்களைப் பற்றிய ஆங்கிலச் சித்திரங்களின் தொகுப்பு.

‘வீடற்றவன்’, ‘இனிப் படமாட்டேன்’ ஆகியன தமிழ் நாவல்களில் முக்கியமானவை. சங்கம் அமைத்த குற்றத்துக்காகத் தோட்டத்தை விட்டு விரட்டப்படும் தொழிலாளியை முன்னது பின்தொடர்கிறது. நாவல்களில் அரசியல் விளக்கம் சில இடங்களில் கதையை முந்திக்கொள்ளும். கவிஞரின் கை நாவலாசிரியரின் கையைவிடத் தேர்ந்தது. ‘கதை’, ‘மாவலி’ இதழ்களையும் நடத்தினார்.

அரசியல்

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவராக்கியது. அதை எதிர்த்து 1952இல் நடந்த சத்தியாக்கிரகத்தில் பங்குகொண்டார். பின்னாளில் தொழிலாளர் தேசிய சங்கத்தில் வி. கே. வெள்ளையனுடன் பணியாற்றினார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. சி.வி.க்குப் பாடிக்கொடுத்தவர்களும் கப்பலேறியவர்களில் இருந்திருப்பர். இந்த வரலாறு ‘நாடற்றவர் கதை’ என்ற இவரது நூலில் உள்ளது. அது இவர் இறந்தபின் வெளிவந்தது.

1984 நவம்பர் 19 அன்று காலமானார். நூற்றாண்டு 2014இல் நினைவுகூரப்பட்டது. காமன் கூத்து இன்றும் சில தோட்டங்களில் ஆடப்படுகிறது.