அம்பலக்கூத்தின் குறிப்புப்பொருள்: ஒரு கால ஆராய்ச்சி

நடராசப் பெருமான் திருமுன் நின்று வழிபடும் நம்மவர், துடி படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், அனல் அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், எடுத்த திருவடி அருளலையும் குறிக்குமென்று இளமையிலேயே கேட்டறிந்தவராவர். இப்பொருளை மேனாட்டாரும் அறியச் செய்தவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி என்பார். அவரது சிவநடனக் கட்டுரை 1912இல் 'சித்தாந்த தீபிகை'யில் வெளிவந்து, 1918இல் அப்பெயராலமைந்த தொகுதியில் இடம்பெற்றது. அதற்கு ஆதாரமாய நூல்களுள் ஒன்று, திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய 'உண்மை விளக்கம்'.

இதன்மேல் ஒரு தடை எழுந்தது. உண்மை விளக்கம் 13ஆம் நூற்றாண்டினது. கூத்தப்பெருமானின் செப்புத் திருமேனிகளோ 10ஆம் நூற்றாண்டிலேயே சோணாட்டில் விளங்கின. பின்னூற்பொருளை முன்வடிவின்மேல் ஏற்றுதல் முறையாகுமோ என்பது அத்தடை. கலைவரலாற்றறிஞர் பத்மா கைமல் 1999இல் இதனை விரித்தெழுதினார். இதனைச் சமயப்பகை என்று தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது. காலம்பற்றி எழுந்த தடையைக் காலங்கொண்டே ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் வடிவவரலாற்றை நோக்குவாம். வாதாபிக் குடைவரையில் 6ஆம் நூற்றாண்டிற் செதுக்கப்பெற்ற ஆடல்வல்லானுக்குத் திருக்கரங்கள் 18. ஆண்டு ஐந்தொழிலை ஐந்துறுப்பில் எண்ணிக்காட்டல் இயலாது. காஞ்சிக்கு அணித்தாகிய கூரத்திற் கிடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்ற பல்லவர்காலச் செப்புத்திருமேனியில் நான்கு கரங்களும் அடிக்கீழ் முயலகனும் உளர். ஆயினும் எடுத்த திருவடி குறுக்கே வீசப்பெறாது, முழங்கால் மடங்கி மேலெழுந்துள்ளது. கண்டராதித்த சோழர் தேவியார் செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கற்றளிகளின் புறச்சுவர்க் கோட்டங்களில், நாம் இன்று வணங்கும் அமைதி நிலைபெறக் காண்கின்றோம். ஆகவே வடிவம் படிப்படியே அமைந்தது என்பது ஒப்பத்தக்கதேயாம்.

இனி நூல்வழக்கை நோக்குவாம். 7ஆம் நூற்றாண்டினராகிய அப்பரடிகள் தில்லைக்கூத்தரைப் பாடுங்கால், புருவமும், முறுவலும், சடையும், நீறணிந்த மேனியும், எடுத்த பாதமுமாகக் கண்ணாரக் கண்டு இன்புறுகின்றார். இவ்வுறுப்பு இத்தொழிற்குரியது என்று ஆண்டு அவர் வகுத்துரைத்தாரல்லர். 9ஆம் நூற்றாண்டினர் எனப் பலராலும் கொள்ளப்படும் மணிவாசகனார், தில்லையில் தீயேந்தி ஆடும் கூத்தனைத் திருவெம்பாவையுட் போற்றுமிடத்துக் காத்தல், படைத்தல், கரத்தல் என்பவற்றை அவன் விளையாட்டாக ஒருங்கு வைத்துரைத்தார். திருமந்திரமோ துடிமுதலாக ஐந்தொழிலையும் பகுத்தே கூறுகின்றது. ஆனால் அந்நூலின் காலம் ஆராய்ச்சியாளரிடை வழக்கிலுள்ளதாகலின், அதனையே தனிச்சான்றாக நிறுத்துதல் வேண்டா. திருவெம்பாவை கொண்டு துணியத்தக்கது இது: கூத்தினையும் இறைவன் தொழில்களையும் ஒன்றாகக் கண்ட கருத்து, செம்பியன் மாதேவியார் திருப்பணிகட்கு முற்பட்டது. உறுப்புத்தோறும் பொருள் பகுத்த முறை, காலந்துணிந்த நூல்களுள் உண்மை விளக்கத்தில் தெளிவுறக் காணப்படுகின்றது.

அந்நூலைச் சற்றே நின்று நோக்குவார்க்கு ஒரு நுட்பம் புலனாகும். மாணாக்கன் வினவ ஆசிரியர் விடைகூறும் முறையில் அமைந்த அதன்கண், ஐந்தெழுத்தாகிய திருமேனி முதலிற் கூறப்படுகின்றது. ஆண்டு நகரம் திருவடி, மகரம் உதரம், சிகரம் தோள், வகரம் முகம், யகரம் திருமுடி. அடுத்தே முறை மாறுகின்றது: சிகரம் துடி, வகரம் வீசிய கை, யகரம் அபயகரம், நகரம் அனல், மகரம் அடிக்கீழ்க்கிடக்கும் முயலகன். பின்னர் ஐந்தொழில் கூறுமிடத்து அதே அனல் சங்காரமாகின்றது. மேலும், மாயையை உதறி வினையைச் சுட்டு மலத்தை அமுக்கி உயிரை இன்பக்கடலில் அழுத்துவதே இக்கூத்து என்னுமிடத்து, உரைவழியே அவ்வனல் வினையைச் சுடும் தீயாகின்றது. நகரம் திரோதத்தைக் குறிப்பதாகலின், ஓர் அனலே திரோதமும், சங்காரமும், வினை சுடுந்தீயுமாக மூவகையாற் காணப்பட்டமை அறிக.

ஒரு வடிவிற்கு ஒரே பொருளென்று பூட்டுதல் ஆசிரியர் கருத்தாயின், சில வெண்பாக்களின் எல்லைக்குள் இங்ஙனம் மாற்றியுரையார். உலகத்தை நோக்குவார்க்கு ஐந்தொழிலும், மந்திரத்தை ஓதுவார்க்கு ஐந்தெழுத்தும், தன் பாசத்தை நினைந்து வருந்துவார்க்கு அதன் நீக்கமும் புலப்படுமாறு, கண்ட திருமேனியை நின்று நோக்குமுறையையே அவர் கற்பித்தார். ஆகலின், சிற்பி இப்பகுப்பைக் கைக்கொண்டே திருமேனி வார்த்தான் என்று நாம் வழக்கிடுதல் வேண்டா. நூல் பிற்பட்டது ஆகலின் பொருள் பொருந்தாது என்று பிறர் கூறுதலும் சாலாது. அப்பர் கண்டு இன்புற்ற எடுத்த பாதத்தையே மனவாசகங்கடந்தார் முத்தி என்றார். முன்னது காட்சி, பின்னது அக்காட்சியின் விளக்கம். அடுத்தமுறை அம்பலவாணர் திருமுன் நிற்குங்கால், அவர் கையிலுள்ள அனலை அம்மூன்று வகையானும் நோக்கி அன்பர்கள் பயன் பெறுவார்களாக.